திருத்தங்களின் தடம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

எழுதுவோர் எவரும் திருத்துவர். திருத்திய பின் பழையதை என்ன செய்வது என்னும் கேள்வி, ஓலைச்சுவடிக் காலம் முதல் கணினிக் காலம் வரை தொடர்ந்து வருகிறது. யார் திருத்தினார், எப்போது திருத்தினார், ஏன் திருத்தினார் என்பவை தெரியாவிட்டால் நல்ல திருத்தமும் தீங்காக முடியலாம். கணினி நிரல்களின் திருத்தங்களையும் கிளைகளையும் காக்கும் பழைய முறைமைகள் எவ்வாறு இயங்கின, அவற்றில் நேரும் சிக்கல்களை எவ்வாறு அவிழ்ப்பது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தண்டலத்தில் ஒரு நள்ளிரவு

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து, செம்பரம்பாக்கத்திற்கு அப்பால் சென்றால் தண்டலம் வரும். அங்கிருந்து இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் எனத் தொழிற்சாலைகள் தொடர்கின்றன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. பெரிய ஆலை ஒன்று வந்தால், அதற்கு உதிரிபாகம் செய்து தரும் சிறிய தொழிற்கூடங்கள் பல சுற்றிலும் தோன்றும். அங்குள்ள இயந்திரங்களை இன்று நிரல்களே இயக்குகின்றன.

அத்தகைய தொழிற்கூடம் ஒன்றைத் தண்டலத்தில் கற்பனை செய்துகொள்வோம். அங்கே பற்றவைப்பு இயந்திரங்கள் இரண்டு உள்ளன. முதல் இயந்திரம் புதிய வகை மகிழுந்துக்கும், இரண்டாம் இயந்திரம் பழைய வகைக்கும் இரும்புத் தாங்கிகளைச் செய்கின்றன. இரண்டிற்கும் அடிப்படை நிரல் ஒன்றே. பழைய வகைக்கெனச் சில அளவுகள் வேறுபடுவதால், இரண்டாம் இயந்திரத்திற்குத் தனிப்படி ஒன்றைப் பிரித்து வைத்திருந்தனர்.

ஒருநாள் இரவுப் பணியில் இரண்டாம் இயந்திரத்தின் பிடி, பற்றவைத்த பாகம் ஆறும் முன்பே திறந்துகொண்டது. சூடான இரும்பு நழுவி விழுந்தது. அருகில் நின்ற தொழிலாளி சட்டென்று விலகியதால் காயமின்றித் தப்பினார். முதல் இயந்திரத்திலோ எந்தக் குறையும் இல்லை. அன்று மாலைதான் முதல் இயந்திரத்தின் திருத்தங்கள் இரண்டாம் இயந்திரத்தின் நிரலில் சேர்க்கப்பட்டிருந்தன. சேர்க்கும்போது கணினி எந்தப் பிழையையும் காட்டவில்லை. அப்படியானால் தவறு எங்கே நேர்ந்தது? இக்கேள்விக்கு விடை காண, திருத்தங்களைக் காக்கும் முறைமையின் அமைப்பை முதலில் அறிய வேண்டும்.

ஏட்டில் பிரிந்த கிளைகள்

படிகள் பிரிவதும், பிரிந்தவை வேறுபடுவதும் தமிழுக்குப் புதியவை அல்ல. ஓலைச்சுவடி நெடுங்காலம் நில்லாது. ஆதலால் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதினர். ஒருவர் எழுதிய ஏட்டிலிருந்து இருவர் படியெடுத்தால் இரு கிளைகள் தோன்றும். ஒருவர் ஓர் எழுத்தை மாற்றி எழுதினால், அவர் ஏட்டைப் பார்த்து எழுதியவர் அனைவரிடமும் அம்மாற்றம் தொடரும். இவ்வாறு தோன்றிய வேறுபாடுகளையே பாடபேதம் என்கிறோம்.

உ.வே. சாமிநாதர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பொருந்திய பாடத்தை மேலே வைத்து, வேறுபட்ட பாடங்களைக் கீழே குறித்தார். தாம் ஏற்காத பாடத்தையும் அவர் அழிக்கவில்லை. பின்வருவோர் மீண்டும் ஆராய இடம் வைத்தார்.

சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்காமையால், அவர் சமண நூல்களைப் பயின்று மீண்டும் உரை எழுதினார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அவ்வாறாயின், முதல் உரையைப் படியெடுத்தவர் வழியில் ஒரு கிளையும், திருந்திய உரையைப் படியெடுத்தவர் வழியில் மற்றொரு கிளையும் நாட்டில் உலவியிருக்கும். ஏட்டின் மேல் திருத்த எண்ணோ நாளோ இல்லாதபோது, எது முந்தையது என்று காண்பது எத்துணை கடினம்! அக்கடினத்தைக் குறைக்கவே கணினி உலகம் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமைகளை உருவாக்கியது.

முறைமைகள் வளர்ந்த வரலாறு

1972-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்டு என்பவர் எஸ்சிசிஎஸ் என்னும் முறைமையை உருவாக்கினார். ஒரு கோப்பின் எல்லாத் திருத்தங்களையும் அது ஒரே இடத்தில் சேமித்தது. முழுக் கோப்பையும் மீண்டும் மீண்டும் எழுதி வைக்காமல், மாறிய வரிகளை மட்டுமே குறித்தது.

1982-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி என்பவர் ஆர்சிஎஸ் முறைமையை உருவாக்கினார். இதன் சேமிப்பு முறை எண்ணி வியக்கத் தக்கது. அடிமரத்தில் கடைசித் திருத்தத்தை மட்டுமே அது முழுமையாக வைத்திருக்கும். பழைய நிலை வேண்டுமாயின், பின்னோக்கிச் செல்லும் குறிப்புகளைக் கொண்டு அதனை மீட்டெடுக்கும். பெரும்பாலோர் நாடுவது கடைசித் திருத்தத்தையே ஆதலால், அது விரைவில் கிடைக்க இவ்வழி செய்தார். ஆயினும் ஒருவர் ஒரு கோப்பைப் பூட்டித் திருத்தும்போது மற்றவர் காத்திருக்க நேர்ந்தது.

1986-இல் ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் என்பவர், தம் மாணவர் இருவருடன் சேர்ந்து நிரல் ஒன்றை எழுதிவந்தார். மூவரும் பணிசெய்யும் நேரம் ஒத்துவரவில்லை. ஒருவர் மற்றவருக்காகக் காத்திராமல் எழுத வேண்டி அவர் அமைத்த கருவியே சிவிஎஸ் ஆகியது. பூட்டுக்கு மாற்றாக, ஒவ்வொருவரும் தத்தம் படியில் எழுதிப் பின்னர் இணைக்கும் வழி பரவியது.

சிவிஎஸ் முறைமையின் குறைகளைக் களையும் நோக்குடன் 2000-இல் சப்வெர்ஷன் தொடங்கப்பட்டது. அதன் 1.0 பதிப்பு 2004-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் முறைமையை உருவாக்கினார். இன்று பெரும்பாலோர் கிட் முறைமையையே கற்கின்றனர். எனினும் நெடுநாள் உழைக்கும் இயந்திரங்களுக்கு எழுதிய நிரல்கள் பழைய முறைமைகளில் இருக்கக்கூடும். இயந்திரம் ஓடும்வரை அதன் நிரலின் வரலாறும் தேவைப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

கேடீஇ என்னும் கட்டற்ற மேசைத்தள மென்பொருள் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வழங்குகிறது. அத்திட்டம் 2005-இல் சிவிஎஸ் முறைமையிலிருந்து சப்வெர்ஷனுக்கு மாறியது. அதன் மொழிபெயர்ப்புக் கோப்புகள் வளர்ச்சிக் கிளை, நிலைத்த கிளை எனப் பிரிந்திருக்கும். மொழிபெயர்ப்பாளர் ஒரு கிளையில் மட்டும் சொல்லைத் திருத்திவிட்டு மற்றதை மறந்தால், வெளியாகும் மென்பொருளில் பழைய பிழையே மீண்டும் தோன்றும்.

அடிமரமும் கிளையும்

அடிமரத்திலிருந்து பிரிவது கவை. அதிலிருந்து கொம்பு, கிளை, சினை, போத்து, குச்சி, இணுக்கு என ஒவ்வொரு பிரிவுக்கும் தனிச்சொல் உண்டு என்பதைப் பாவாணரின் கட்டுரை வழியாகப் பத்தாம் வகுப்பில் அறிந்தீர்கள். தமிழ் சொற்களால் காட்டிய இப்பிரிவை சிவிஎஸ் எண்களால் காட்டுகிறது. அடிமரத்தில் ஒரு கோப்பின் திருத்தங்கள் 1.1, 1.2, 1.3, 1.4 என வளரும். 1.4-இல் ஒரு கிளை பிரிந்தால், அக்கிளையின் முதல் திருத்தம் 1.4.2.1 என அமையும். அதிலிருந்து மீண்டும் பிரிந்தால் 1.4.2.1.2.1 என நீளும். எண்ணைப் பார்த்தே எங்குப் பிரிந்தது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இவ்வெண் கோப்புக்குக் கோப்பு வேறுபடும். ஒரு கோப்பு 1.4-இல் நிற்கும், அதனோடு சேர்ந்து இயங்கும் மற்றொன்று 1.27-இல் நிற்கும். எந்த 1.4-உடன் எந்த 1.27 பொருந்தும் என்பதை எண் மட்டும் சொல்லாது. ஆகவே பொருந்தும் நிலைகளுக்கு ஒரு பெயரைச் சூட்டி அடையாளச்சீட்டாக வைத்தனர்.

சப்வெர்ஷனில் களஞ்சியம் முழுமைக்கும் ஒரே எண் வரிசைதான். யார் எந்தக் கோப்பை மாற்றி ஒப்படைத்தாலும் எண் ஒன்று கூடும். 205-ஆம் திருத்தம் என்றால், அந்நேரத்தில் களஞ்சியம் முழுவதும் இருந்த நிலை என்று பொருள். ஓர் ஒப்படைப்பு முழுமையாக நிகழும். இல்லையேல் நிகழவே நிகழாது. சிவிஎஸ் முறைமையிலோ இணைப்பு இடையில் அறுந்தால், சில கோப்புகள் மட்டும் சேர்ந்து சில விடுபடும் இடர் இருந்தது.

சப்வெர்ஷனில் கிளை என்பதும் ஒரு படியே. அடிமரத்தை வேறொரு பெயரில் படியெடுத்தால் அது கிளை. எவரும் மாற்றக் கூடாது என்ற உடன்பாட்டோடு படியெடுத்தால் அது அடையாளச்சீட்டு. முறைமையின் பார்வையில் இரண்டும் ஒன்றே. ஆதலால் அடையாளச்சீட்டில் தவறுதலாக ஒருவர் மாற்றத்தை ஒப்படைத்தால், வேறு காப்பு செய்யாதவரை அது ஏற்றுக்கொள்ளும். காவல் என்பது இங்கே மனிதரின் ஒழுக்கத்தைச் சார்ந்தது.

நோயும் நோய்முதலும்

நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தீர்க்கும் வழியை அறிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் வரிசை. நிரலில் சிக்கல் நேர்ந்தாலும் இவ்வரிசையே பொருந்தும். பலர் செய்யும் முதல் தவறு, காரணம் காணும் முன்பே எதையேனும் மாற்றிப் பார்ப்பது. சப்வெர்ஷனைக் கையாள்வோர் முதலில் ஐந்து கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதலாவது, நான் எங்கே நிற்கிறேன்? 'இன்ஃபோ' என்னும் கட்டளை, நம் பணிப்படி அடிமரத்தைச் சேர்ந்ததா கிளையைச் சேர்ந்ததா, எத்தனையாவது திருத்தத்தில் உள்ளது என்பதைக் காட்டும். கிளையில் நிற்பதாக எண்ணி அடிமரத்தில் திருத்தியவர் பலர்.

இரண்டாவது, நான் எதை மாற்றியுள்ளேன்? 'ஸ்டேட்டஸ்' கட்டளை, ஒப்படைக்காத மாற்றங்களை வரிசைப்படுத்தும். அவற்றை ஒப்படைக்காமலோ விலக்காமலோ வேறு திருத்தங்களை இணைக்கத் தொடங்கினால், எது எவருடையது என்று பின்னர்ப் பிரிக்க இயலாது.

மூன்றாவது, கிளை எங்கே பிரிந்தது? கிளையின் நாட்குறிப்பைக் காட்டும் 'லாக்' கட்டளையைப் படியெடுத்த இடத்தோடு நிற்குமாறு பணித்தால், பிரிந்த திருத்தத்தின் எண் கடைசியில் கிடைக்கும்.

நான்காவது, இரண்டு நிலைகளுக்கும் வேறுபாடு என்ன? 'டிஃப்' கட்டளை மாறிய வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும்.

ஐந்தாவது, இவ்வரியை எழுதியவர் யார், எப்போது எழுதினார்? 'பிளேம்' கட்டளை வரிக்கு வரி திருத்த எண்ணையும் எழுதியவர் பெயரையும் காட்டும். அக்கட்டளையின் பெயர் பழித்தலைக் குறித்தாலும், அதன் பயன் பழிப்பதில் இல்லை; அவ்வாறு எழுதியதன் காரணத்தை உரியவரிடம் கேட்டறிவதில் உள்ளது.

விடுபட்ட ஒரு திருத்தம்

இனி தண்டலத்துத் தொழிற்கூடத்திற்கு மீள்வோம். அங்கிருந்தது சப்வெர்ஷனின் 1.4 பதிப்பு. மூத்த பொறியாளர் ஒருவரும், முந்தைய மாலை இணைப்பைச் செய்த பயிற்சிப் பணியாளரும் காலையில் கணினி முன் அமர்ந்தனர். கிளையின் நாட்குறிப்பைப் பார்த்தபோது, அது 180-ஆம் திருத்தத்தில் பிரிந்தது தெரிந்தது.

"தம்பி, நேற்று எந்தத் திருத்தம் முதல் எந்தத் திருத்தம் வரை இணைத்தீர்கள்?" என்றார் பொறியாளர்.

"181 முதல் 205 வரை, மேடம். கிளை 180-இல் பிரிந்தது. அதற்கு அடுத்தது முதல் சேர்க்க வேண்டும் என்று எண்ணி 181:205 என்று கொடுத்தேன்."

"அங்கேதான் பிசகியிருக்கிறது. நீங்கள் எண்ணியது சரி, எழுதியது சரியில்லை."

அவர் ஒரு தாளில் வேலிக்கால்களை வரைந்தார். சப்வெர்ஷனில் திருத்த எண் என்பது வேலிக்கால். மாற்றம் என்பது இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட வெளி. 181-ஆம் திருத்தத்தில் செய்த மாற்றம், 180-ஆம் காலுக்கும் 181-ஆம் காலுக்கும் இடையே உள்ளது. 181:205 என்று கொடுத்தால், முறைமை 181-ஆம் காலிலிருந்து நடக்கத் தொடங்கும். ஆகவே 181-ஆம் மாற்றம் விடுபட்டு, 182 முதல் 205 வரையிலான மாற்றங்களே சேரும். 180:205 என்று கொடுத்திருக்க வேண்டும்.

181-ஆம் திருத்தத்தின் குறிப்பைத் திறந்தனர். 'பற்றவைத்த பின் பிடி திறக்கும் காத்திருப்பு நேரம் 2 நொடியிலிருந்து 3 நொடியாக உயர்த்தப்பட்டது' என்று இருந்தது. 198-ஆம் திருத்தம், தடித்த தகட்டிற்காக மின்னோட்டத்தை உயர்த்தியது. இரண்டாம் இயந்திரத்தில் மின்னோட்டம் உயர்ந்தது. காத்திருப்பு நேரமோ உயரவில்லை. இரண்டு திருத்தங்களும் சேராதிருந்த நாள்வரை இயந்திரம் குறையின்றி ஓடியது. இரண்டும் சேர்ந்திருந்தால் இனியும் ஓடியிருக்கும். ஒன்று சேர்ந்து மற்றொன்று விடுபட்டதுதான் இடராயிற்று.

கணினி ஏன் எச்சரிக்கவில்லை? ஒரே வரியை இருவர் இருவேறு வகையாக மாற்றினால் அது முரண் என்று நிறுத்தும். இங்கே வரிகள் மோதவில்லை, பொருள்தான் மோதியது. வரிகளின் மோதலை முறைமை காணும். பொருளின் மோதலை மனிதரே காண வேண்டும்.

"அப்படியானால் 180:205 என்று மீண்டும் ஒருமுறை இணைத்துவிடவா, மேடம்?" என்று கேட்டார் பயிற்சிப் பணியாளர்.

"வேண்டாம். முன்பே சேர்ந்த மாற்றங்களை இந்தப் பதிப்பு நினைவில் வைத்திருக்காது. மறுமுறையும் சேர்க்க முயலும். வரிகள் மோதக்கூடும். விடுபட்டது 180:181 மட்டும். அதை மட்டும் இணைப்போம்."

முதலில் முன்னோட்டமாக இணைத்துப் பார்த்து, எந்தக் கோப்பு மாறும் என்பதை உறுதிசெய்தனர். பின்னர் இணைத்தனர். ஆளில்லா நிலையில் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்த பிறகே ஒப்படைத்தனர். 'அடிமரத்தின் 180:181 இணைக்கப்பட்டது. முந்தைய இணைப்பில் விடுபட்டது' என்று குறிப்பும் எழுதினர். 2008-இல் வெளிவந்த 1.5 பதிப்பு முதல், எந்தத் திருத்தங்கள் சேர்ந்தன என்பதைச் சப்வெர்ஷனே குறித்துக்கொள்கிறது. அதற்கு முன்னர் இக்குறிப்பு ஒன்றே வழிகாட்டி.

வேறு சில சிக்கல்கள்

ஒப்படைக்கும்போது 'உங்கள் படி பழையது' என்று முறைமை மறுத்தால், நமக்கு முன் வேறொருவர் அதே கோப்பை மாற்றி ஒப்படைத்துவிட்டார் என்று பொருள். பணிப்படியைப் புதுப்பித்து, அவர் மாற்றத்தைப் படித்துப் பார்த்து, அதன் பின்னரே ஒப்படைக்க வேண்டும்.

புதுப்பிக்கும்போது வரிகள் மோதினால், சப்வெர்ஷன் மூன்று துணைக்கோப்புகளைத் தரும். நாம் எழுதியது ஒன்று. மாற்றும் முன் இருந்தது ஒன்று. களஞ்சியத்திலிருந்து வந்தது ஒன்று. மூன்றையும் ஒப்பிட்டு உரிய வரியை அமைப்பதே முறை. படிக்காமல் 'என்னுடையதே சரி' என்று தேர்ந்து, முரண் தீர்ந்ததாகக் குறித்தால், உடன் பணிபுரிபவரின் உழைப்பு ஓசையின்றி மறைந்துபோகும்.

ஒருவர் பெயரை மாற்றிய கோப்பை மற்றொருவர் பழைய பெயரிலேயே திருத்தினால் மரமுரண் தோன்றும். இங்கே சிக்கல் வரியில் இல்லை, இடத்தில் உள்ளது. திருத்தத்தைப் புதிய பெயருள்ள கோப்பில் கையால் சேர்த்துவிட்டு முரணைத் தீர்க்க வேண்டும்.

சிவிஎஸ் முறைமையில் பழைய நாளையோ அடையாளச்சீட்டையோ சுட்டி ஒரு கோப்பை எடுத்தால், அது அந்நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை புதுப்பித்தாலும் புதியது வாராது. ஒட்டை நீக்குமாறு கட்டளையிட்டுப் புதுப்பித்தால்தான் அடிமரத்தின் தற்போதைய நிலை கிடைக்கும்.

அழிக்காமல் திருத்துதல்

தவறான திருத்தம் களஞ்சியத்தில் சேர்ந்துவிட்டால் அதனை அழிக்க முடியுமா? வழக்கமான முறையில் முடியாது, அழிக்கவும் வேண்டியதில்லை. 205-ஆம் திருத்தம் தவறு என்றால், அதன் மாற்றத்தைத் தலைகீழாக இணைத்து 206-ஆம் திருத்தமாக ஒப்படைப்பர். 205 அங்கேயே இருக்கும். 206 அதனை மாற்றியது என்பதும் இருக்கும். கணக்கு ஏட்டில் தவறாக எழுதிய தொகையைச் சுரண்டி அழிக்காமல், படிக்கும்படி ஒரு கோடிட்டு, அருகில் சரியான தொகையை எழுதிக் கையொப்பமிடுவது போன்றது இது.

நிரலின் வரலாறு எவரையும் தண்டிப்பதற்காக எழுதப்படுவதன்று. அன்று காலை, பயிற்சிப் பணியாளர் தாம் தந்த எண்ணை மறைத்திருந்தால், காரணத்தைக் காண நாள்கள் ஆகியிருக்கும். இரண்டாம் இயந்திரத்தின் முன் அடுத்த இரவும் ஒருவர் நின்றிருப்பார். அவர் உண்மையைச் சொன்னார். களஞ்சியம் அதனை உறுதிசெய்தது. பாடபேதங்களை அடிக்குறிப்பில் காத்த பதிப்பாசிரியரும், திருத்தக் குறிப்பை நேர்மையுடன் எழுதும் நிரலாளரும் ஒரே அறத்தைப் போற்றுகின்றனர். தமக்குப் பின் வருபவர் இருட்டில் நடக்கக் கூடாது என்பதே அவ்வறம்.

கலைச்சொல் அறிவோம்

களஞ்சியம் – ரெப்போசிட்டரி
திருத்தம் – ரிவிஷன்
அடிமரம் – டிரங்க்
கிளை – பிராஞ்ச்
அடையாளச்சீட்டு – டேக்
பணிப்படி – ஒர்க்கிங் காப்பி
ஒப்படைப்பு – கமிட்
இணைப்பு – மெர்ஜ்
முரண் – கான்ஃபிளிக்ட்

கற்பவை கற்றபின்

1. நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றின் முதல் வரைவு, திருத்திய வரைவு, இறுதி வரைவு ஆகியவற்றைப் பாதுகாத்து, ஒவ்வொரு திருத்தத்திற்கும் எண்ணும் நாளும் காரணமும் எழுதுக.
2. ஒரே பத்தியை மாணவர் ஐவர் ஒருவரைப் பார்த்து ஒருவர் படியெடுத்து, தோன்றிய வேறுபாடுகள் எவர் படியில் தொடங்கின என்பதைக் கண்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. சிவிஎஸ் முறைமையில் 1.4.2.1 என்னும் எண் குறிப்பது
அ) அடிமரத்தின் நான்காம் திருத்தம் ஆ) 1.4-இல் பிரிந்த கிளையின் முதல் திருத்தம் இ) களஞ்சியம் முழுமையின் எண் ஈ) அடையாளச்சீட்டின் பெயர்

2. சப்வெர்ஷனில் 190:194 என்று இணைத்தால் சேரும் மாற்றங்கள்
அ) 190 முதல் 194 வரை ஆ) 190 முதல் 193 வரை இ) 191 முதல் 194 வரை ஈ) 194 மட்டும்

குறுவினா

1. பாடபேதம் என்றால் என்ன?
2. ஆர்சிஎஸ் முறைமை அடிமரத்தின் கடைசித் திருத்தத்தை மட்டும் முழுமையாகச் சேமிப்பது ஏன்?

சிறுவினா

1. சிவிஎஸ், சப்வெர்ஷன் ஆகியவற்றின் திருத்த எண் முறைகளை ஒப்பிடுக.
2. 'வரிகளின் மோதலை முறைமை காணும். பொருளின் மோதலை மனிதரே காண வேண்டும்' – பாடப்பகுதி கொண்டு விளக்குக.

நெடுவினா

தண்டலத்துத் தொழிற்கூடத்தில் நேர்ந்த பிழையின் காரணம் கண்டறியப்பட்ட முறையை விவரித்து, சுவடிப் பதிப்பாசிரியர் பணிக்கும் நிரலாளர் பணிக்கும் உள்ள ஒற்றுமையைக் கட்டுரைக்க.